அறுபத்து மூன்று தலை

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: என் அப்பா, பக்கத்து வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர், தெருவின் மற்ற ஐந்து வீட்டுக்காரர்கள், கதவுக்குப் பின்னால் என் அம்மா, டிரங்குப் பெட்டியை மேஜையாக்கி அதன்மேல் காகிதமும் பேனாவுமாக நான். வராதவர்கள்: யாரைப் பற்றி அந்தக் கூட்டமோ அவர்கள். எதிர் மனையில் ஒரு பஸ்ஸிலும் ஒரு லாரியிலும், தெருமுனையில் ஒரு மாட்டு வண்டியிலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஜனங்களும், அவர்களுக்குத் தலைவர் என்று நாங்களாகவே தீர்மானித்துவிட்ட கண்டக்டர் பாயும்.

அவருடைய பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அவர் எங்களில் யாருடைய பெயரையும் கேட்டதில்லை. அவருக்கு எத்தனை பேர் என்பதுதான் முக்கியம்.

ஒல்லியான ஆள். காக்கிக் கோட்டில் ஒரே ஒரு பித்தளைப் பொத்தான் மிஞ்சியிருந்தது. அதைத் தினம் சாம்பல் போட்டுத் துலக்குவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். சைதாப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பஸ் முதலாளி டயர்களைக் கழற்றி விற்றுவிட்டு, வண்டியைச் செங்கல் அடுக்கின்மேல் நிறுத்தி, இவரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். காவல் சம்பளம் மூன்று மாதம் வந்தது, பிறகு நின்றது. இவர் காவலை நிறுத்தவில்லை.

பஸ்ஸின் பின் சீட்டுகளில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒரு குடும்பம், ஏழு பேர். நடு சீட்டுகளில் தையல் வேலை செய்யும் ஒரு விதவையும் அவள் பிள்ளைகள் மூவரும். முன் சீட்டில் பாய். இவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டது அவர்தான். ஏற்றிக்கொண்ட பிறகு பஸ் சட்டம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. உள்ளே துப்பக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டக் கூடாது. பையன்கள் ஃபுட்போர்டில் நின்றால் ஒரு விசில்.

"வண்டிதான் ஓடலையே பாய்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இன்னிக்கு ஓடல நைனா. நாளைக்கு ஓட ஆரம்பிச்சா அந்தப் பையன் கீய உழுவான். அப்ப போயி பழக்கம் சொல்லிக் குடுக்க முடியுமா?"

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்தது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான பிறகு. என் அப்பா கொத்தனார். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். மாம்பலம் பக்கத்தில் அவர் கைபடாத வீடு குறைவு. இருபது வருஷம் பிறருக்குச் சுவர் எழுப்பியவருக்கு, பயந்து ஊருக்கு ஓடிய ஒருவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட வீடு வாய்த்தது. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அப்பா சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "சுண்ணாம்பைச் சரியா அரைக்கல" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ். பஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்ஜின் இல்லாத லாரி. அதில் சித்தாள் வேலைக்குப் போகும் அண்ணன் தம்பி குடும்பங்கள், ஏழு பேர். தெருமுனையில் கூண்டு வண்டி. அதில் வீடு வீடாகப் போய் அம்மி கொத்திக் கொடுக்கும் குடும்பம், ஆறு பேர், இரண்டு மாடுகள். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

சாயங்காலம் அதைவிடப் பெரிய பயம் வந்தது. விளக்கு வைக்கும் முன் கண்டக்டர் பாய் பஸ் படியில் ஏறி நின்று, தெருமுனையிலிருந்து தெருக்கோடி வரை விரலை நீட்டி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். விரல் எங்கள் வீட்டுக்கு நேரே வந்தபோது நான்கு தடவை அசைந்தது. நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், எட்டு வயதுத் தங்கை. எண்ணி முடித்ததும் இரண்டு விசில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னாத்துக்கு நம்ம ஊட்ட எண்றான் அந்த ஆளு?" என்றாள் அம்மா. "திருடன்தான் இப்டி நோட்டம் பாப்பான். புள்ளைங்கள எண்ணவே கூடாது. கண்ணு பட்டா தாங்குமா?"

அன்றிலிருந்து பாய் எண்ணி முடித்ததும் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எங்களைச் சுற்றி அடுப்பில் போடுவாள். எதிரே விசில், இங்கே மிளகாய் நெடி. இரண்டும் ஒரு நாளும் தவறவில்லை.

அந்தப் பயம் முற்றித்தான் கூட்டம் கூடியது.

"இன்னிக்கு அவா பஸ்லே இருக்கா" என்றார் போஸ்ட்மாஸ்டர். "நாளைக்கு நம்மாத்து வாசல்லே அடுப்பு மூட்டுவா. இருக்கறது ஒத்தைக் கிணறு, அதையும் அவாளே எறைச்சுண்டு போயிடறா. இந்தத் தெருவிலே வீடுன்னு நாளைக்கு எவன் வருவான், சொல்லுங்கோ."

அப்பா மெதுவாகத்தான் பேசினார். "ஊரான் ஊட்ட எல்லாம் கட்டிட்டு, எனக்குன்னு கீறது இது ஒண்ணுதான். இதும் வெல இல்லாம பூட்டா, என் புள்ளைக்கு நான் இன்னாத்த வெச்சிட்டுப் போவேன்?"

போஸ்ட்மாஸ்டருக்குக் கை நடுங்கும். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். அவர்களைக் காலி செய்யச் சொல்லி, ஒரே கிணறு என்பதையும் சேர்த்து, அவர் சொல்லச் சொல்லக் கார்ப்பரேஷனுக்கு இங்கிலீஷில் மனு எழுதினேன். எழுதும்போது ஓரிடத்தில் பேனா நின்றது. எத்தனை பேர் என்று குறிப்பிட வேண்டாமா?

"எக்கச்சக்கமான பேர்னு போட்டுடு" என்றார் அவர்.

"எண்ணிக்கை இருந்தால்தான் மனு நிற்கும் சார்" என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு தெருவைக் கடந்து போனேன். எதற்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்தப் பக்கம் எத்தனை பேர்னு ஒரு கணக்கு வேணும் பாய்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் கணக்குக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

"உக்காரு. தெருமுனைலர்ந்து ஆரம்பி. மாட்டு வண்டில ஆறு. மாடு ரெண்டு, அத்த எழுதாத, டிக்கெட் கெடையாது. மொத ஊடு, தட்டார் ஊடு, ஏழு. அடுத்தாப்ல லாரி, ஏழு. உங்க ஊடு நாலு. போஸ்ட்மாஸ்டர் சாமி ஊட்ல ஆறுன்னு சொல்வாங்க, எழுதாத. பெரிய புள்ள பட்டாளத்துல கீது. அஞ்சு."

"வீடுகள் வேண்டாம் பாய். வண்டிகளில் இருப்பவர்கள் மட்டும் போதும்."

"அதெப்டி? தெருன்னா ஒரு வண்டி மாதிரி. முன்ன ஏறினவன் பின்ன ஏறினவன்னு தனித்தனியா எண்ணிக்கினா எங்கயாவது ஒண்ணு உட்டுப்பூடும். எழுது."

எழுதினேன். வண்டிகளில் இருபத்தைந்து, வீடுகளில் முப்பத்தெட்டு, மொத்தம் அறுபத்து மூன்று. வீடு எது, வண்டி எது என்று பிரிக்காமல், அவர் சொன்ன வரிசையில் ஒரே பட்டியல். வீட்டுக்கு வந்து அதை அழகான கையெழுத்தில் நகல் எடுத்தேன். அது அவ்வளவு நேர்த்தியாக அமைந்துவிட்டதால், வீடுகளை வெட்டவும் மனமில்லாமல் அப்படியே மனுவோடு சேர்த்துக் குத்திவிட்டேன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் அவர் போட்டதைப் பார்த்துப் போட்டார்கள். படித்தவன் செய்கிற பிழை அது. படிக்காதவன் எண்ணிக்கையே கேட்டிருக்க மாட்டான்.

மனு போன அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆன பிறகு, கண்டக்டர் பாய் முதன்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மேஸ்திரியம்மா, உங்க ஊட்ல நாலுல ஒண்ணு கொறையுது."

அம்மா வெளியே வந்து, "எங்க ஊட்டு ஆளுங்கள எண்றதுக்கு நீ யாரு?" என்றாள்.

"கோச்சுக்காதீங்க. சின்னப் பாப்பா பள்ளிக்கூடம் உட்டு வந்துச்சு, உள்ள போச்சு. மறுபடி எறங்கி வடக்கால போச்சு. திரும்பி ஏறல."

தங்கை போஸ்ட்மாஸ்டர் வீட்டில் விளையாடுகிறாள் என்று அம்மா நினைத்திருந்தாள். அங்கே இல்லை. பாய் தெரு நடுவில் நின்று ஒரே ஒரு நீள விசில் கொடுத்தார். பஸ்ஸிலிருந்தும் லாரியிலிருந்தும் வண்டியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வடக்குப் பக்கம் பரவினார்கள். சாக்கடைக்கு வெட்டிப் பாதியில் விட்டிருந்த பள்ளத்துக்குள், கால் பிசகி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள். அம்மி கொத்துகிறவரின் மனைவி தன் புடவைத் தலைப்பை இறக்கி அவளைத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் அம்மா உப்பையும் மிளகாயையும் தொடவில்லை. கட்டுப் போட்ட பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள், எண்ணுவதற்கு வசதியாக. பாயின் விரல் நான்கு முறை அசைந்தது. இரண்டு விசில்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். "பாய், அன்னிக்கு நான் கணக்குக் கேட்டது உங்களைக் காலி பண்ண வைக்கத்தான்."

அவர் பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெர்யும் நைனா. கணக்கு கேட்டு எவன் நல்லதுக்கு வந்தான்? பெட்ரோல நிறுத்தறதுக்கு முன்னாலயும் ஒரு ஆபீசர் வந்து எத்தினி பேர் ஏறுறாங்கன்னு எண்ணிட்டுத்தான் போனாரு."

"தெரிஞ்சும் ஏன் சொன்னீங்க?"

"கேட்டப்பறம் தப்புக் கணக்கு குடுக்க முடியுமா?"

அதுதான் அவர். பின்னால் யுத்தம் முடிந்து, பஸ்ஸுக்கு டயர் வந்து, அது மறுபடி ஓடப் போன நாளிலும் தெருவை ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் ஏறினார். பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பங்கள் அதே மனையில் கூரை போட்டுக்கொண்டன. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கான காரணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மனு போய் ஒரு மாதம் கழித்து, சோலார் தொப்பி போட்ட கார்ப்பரேஷன் ஓவர்சியர் ஒருவர் எங்கள் வாசலில் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் என் பட்டியல்.

"அறுபத்து மூணு தலை, ஒரே கிணறு. நீங்க எழுதியிருக்கறது சரிதானா?"

"சரிதான்" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அதனாலேதான் அவாளை..."

"அறுபது தலை இருந்தா தெருவுக்கு ஒரு குழாய் போடலாம்னு எங்களுக்கு உத்தரவு. வர்ற வியாழக்கிழமை காலையில வந்து நானே எண்ணுவேன். அறுபதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் ஃபைலை மூடிடுவேன்."

போஸ்ட்மாஸ்டர் ஒரு கணம் திகைத்தார். "நாங்க கேட்டது குழாய் இல்லே சார். வந்து..."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "குழாதாங்க கேட்டோம்."

ஆண்கள் இருக்கும் சபையில் அம்மா குரல் கொடுத்தது அதுவே முதல் தடவை. தினம் பார்க் பக்கத்துக் குழாய்வரை மூன்று நடை குடத்தோடு போய்வருகிறவள் அவள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, குழாதான்" என்றார். போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு பெண்குரல், "ஆமாம், குழாய்தான்" என்றது.

ஓவர்சியர் போனதும் பட்டியலைப் பார்த்துப் போஸ்ட்மாஸ்டர் சிரித்தேவிட்டார். "அறுபத்து மூவர்னா மயிலாப்பூர்லே பல்லக்கிலேன்னா வருவா. இங்கே லாரியிலும் பஸ்ஸிலுமா வந்திருக்கா."

"பல்லக்கும் வண்டிதான் சாமி" என்றார், எதிர் மனையிலிருந்து வந்து நின்றிருந்த பாய். பிறகு தெருமுனையைப் பார்த்து, "ஆனா இன்னிக்கு அம்பத்தேழுதான் கீது" என்றார்.

தெருமுனை காலி. மாட்டு வண்டி இல்லை. போஸ்ட்மாஸ்டரின் முகம் மாறியது. இரண்டு நாள் முன்பு அவர்தான் அம்மி கொத்துகிறவரிடம் போய், "போலீஸ் வரப்போறது, அதுக்குள்ளே எடத்தைக் காலி பண்ணிடு" என்று சொல்லியிருந்தார். அவர்களும் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பக்கத்துத் தெருவிலேர்ந்து நாலஞ்சு பசங்களைக் கூட்டிண்டு வந்து நிறுத்தினா என்ன?" என்றார் போஸ்ட்மாஸ்டர், பாயைப் பார்க்காமல்.

"ஏறாதவனுக்கு நான் டிக்கெட் கிழிச்சதில்ல சாமி. போன ஆறு பேரு வரணும். அவ்ளோதான்."

புதன்கிழமை காலையில் நான்கு பேர் புறப்பட்டோம்: அப்பா, போஸ்ட்மாஸ்டர், பாய், நான். விசாரித்துக்கொண்டே போனதில், சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் வண்டி நின்றிருந்தது. அச்சு முறிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதனால்தான் அவர்கள் அதற்கு மேல் போகவில்லை.

"போன்னு சொன்ன சாமியே வந்துகிறாரு" என்றார் அம்மி கொத்துகிறவர், உளியைக் கீழே வைக்காமல். "இன்னா, இங்கயும் போலீஸ் வருதா?"

போஸ்ட்மாஸ்டர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பாய் பேசவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் கிளம்பியிருப்பார்கள். ஆனால் அந்த வார்த்தை யாருடைய வாயிலிருந்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றார் போஸ்ட்மாஸ்டர் கடைசியில். "போலீஸ் வரலே. நானாத்தான் சொன்னேன். நீங்க இல்லேன்னா எங்களுக்குக் குழாய் கெடையாது. வந்துடுங்கோ."

அந்த அம்மாள், என் தங்கையைத் தூக்கியவள், கேட்டாள்: "உங்களுக்குக் கொழா வந்துடும். வந்தப்பறம் எங்கள வெரட்ட மாட்டேன்னு இன்னா நிச்சயம்?"

"வெரட்ட மாட்டோம்மா" என்றார் அப்பா.

"வாயால சொன்னத வாயால மாத்துவீங்க. அந்தத் தம்பி படிச்சுதுதானே. எழுதிக் குடுக்கச் சொல்லு."

வண்டிப் பலகையின்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன், இந்தத் தடவை தமிழில். தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும், வீடானாலும் வண்டியானாலும், பட்டியலில் உள்ள வரிசைப்படி குழாயில் தண்ணீர் பிடிக்கும் பாத்தியதை உண்டு. யாரும் யாரையும் விரட்டக் கூடாது. உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா தமிழில் தன் பெயரை மெல்ல மெல்ல எழுதினார். போஸ்ட்மாஸ்டரும் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் அதை வாங்கி மடித்து, சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். "இப்ப அச்சைப் பாருங்க" என்றாள்.

தச்சர் புது அச்சு கோத்துக் கொடுக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. மாடுகள் பூட்டியதும் பாய் வண்டிக்குப் பின்னால் நின்று எண்ணினார். ஆறு. இரண்டு விசில் கொடுத்தார். ஓடாத பஸ்ஸுக்கு எதிரே நின்று தினமும் கேட்ட விசில்தான். ஆனால் அன்றுதான் அதற்கு ஒரு வண்டி நகர்ந்து பார்த்தேன். அப்பா முன்னால் அம்மி கொத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். போஸ்ட்மாஸ்டர் உள்ளே, பிள்ளைகளுக்கு நடுவில்.

வியாழக்கிழமை காலை ஓவர்சியர் வந்தபோது தெருவே அணிவகுத்து நின்றது. வீட்டுக்கு ஒரு வரிசை, வண்டிக்கு ஒரு வரிசை என்றுதான் முதல் வீட்டுத் தட்டார் நிற்க வைத்தார். பாய் வந்து கலைத்துவிட்டு, பட்டியல்படி ஒரே வரிசையாக்கினார். தட்டார் வீட்டுக்குப் பிறகு லாரி, லாரிக்குப் பிறகு நாங்கள். என் அம்மாவுக்கு இந்தப் பக்கம் சித்தாள் பெண், அந்தப் பக்கம் போஸ்ட்மாஸ்டரின் மனைவி.

ஓவர்சியர் பென்சிலை அசைத்துக்கொண்டே வரிசையின் கடைசிவரை நடந்தார். "அறுபத்திரண்டு. பரவாயில்லை, போதும். சாங்ஷன்."

எல்லாரும் மூச்சு விட்டோம். உடனே ஒரு விசில் கேட்டது. நில் என்கிற விசில்.

"ஒண்ணு கொறச்சி எண்ணிட்டீங்க சார்" என்றார் கண்டக்டர் பாய்.

"அறுபதுதான் வேணும். அதுக்கு மேலயே இருக்கே."

"வேணுங்கிறது அறுபது. இருக்கறது அறுபத்து மூணு. மறுபடி எண்ணுங்க."

அப்பா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். "உடு பாய். வந்தத உட்டுறாத."

பாய் விடவில்லை. ஓவர்சியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து நடந்தார். தையல்காரப் பெண்ணின் முன்னால் பாய் அவரை நிறுத்தினார். அவள் தோளிலிருந்த துணியை விலக்கினாள். உள்ளே கைக்குழந்தை, அவளுடைய கடைக்குட்டி, தூங்கிக்கொண்டிருந்தது.

"மடிப் பிள்ளைக்கு டிக்கெட் கெடையாதுய்யா" என்றார் ஓவர்சியர், தானும் பஸ்ஸில் போகிறவர்தான் என்று காட்டிக்கொண்டு.

"டிக்கெட் கெடையாது. தலை உண்டு சார். இதுவும் தண்ணி குடிக்கும்."

ஓவர்சியர் சிரித்துவிட்டார். காகிதத்தில் இரண்டை அடித்து மூன்று என்று திருத்தினார். பாய் இரண்டு விசில் கொடுத்தார். தெருவே கை தட்டியது. போஸ்ட்மாஸ்டர் எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

பதினெட்டு நாளில் குழாய் வந்தது. மஞ்சள் குங்குமம் பூசி, திறந்து வைக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு எழுந்தபோது, அம்மி கொத்துகிற அம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்துக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். படித்தேன். வரிசை தெருமுனையிலிருந்து. முதல் குடம் மாட்டு வண்டிக்கு. அவள் நிறையப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். என் அம்மா தன் முறை வரும்வரை நின்று, லாரிக்குப் பிறகு பிடித்தாள். பார்க் பக்கம் நடந்த கால் அது, இருபது அடி நடந்து வீட்டுக்குள் போய்விட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, குழாய் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அடுத்த மாதம் எங்கள் தெருவில் காலியாக இருந்த ஒரு வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. குழாய் இருக்கிறது என்றதும் பேச்சு முடிந்தது. எதிரே பஸ்ஸில் இருக்கிறார்களே என்று அவர்கள் தயங்கினபோது அப்பா சொன்னார்: "அவங்கதான் உங்கள எண்ணுவாங்க. பயப்படாதீங்க."

அந்தக் குழாய்க்காக எங்கள் ஏழு வீடுகளும் சேர்ந்து செலவழித்தது: மாட்டு வண்டிக்குப் புது அச்சு, கூலியோடு மூன்றே முக்கால் ரூபாய், மனுவுக்குக் காகிதமும் தபால் தலையும் இரண்டணா. ஆக மூன்று ரூபாய் பதினாலணா.